சனிக்கிழமை மாலைகள்

மனநல மருத்துவர் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை குடியைப் பற்றியவை. பல்லடம், கோபி, பொள்ளாச்சி, திருச்செங்கோடு என்று ஊர்கள் மாறினாலும் ‘சனிக்கிழமை’ என்ற சொல் அநேகமாக எல்லாக் கடிதங்களிலும் திரும்பத் திரும்ப வருகிறது. தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் பட்டறைக்கும் வாரச் சம்பளம் பட்டுவாடா ஆகும் நாள் அது என்பதை நம் பக்கத்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எழுதியவர்களின் பெயர்களையும் அடையாளம் காட்டும் விவரங்களையும் நீக்கிவிட்டு, எட்டுக் கடிதங்களுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: என் கணவர் பல்லடம் பக்கம் தறி ஓட்டுகிறார். முன்பு சனிக்கிழமை மட்டும் குடித்தவர், இப்போது தினமும் குடிக்கிறார். காலையில் கை நடுங்குவதால் அறுந்த இழையை முடிச்சுப் போட முடியவில்லை என்று சொல்லி, வேலைக்குப் போகும் முன்பே கொஞ்சம் குடித்துவிட்டுத்தான் கிளம்புகிறார். போன மாதம் குலதெய்வக் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு அடியோடு நிறுத்தினார். இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. மூன்றாம் நாள் இரவு, சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று கத்தினார். பயந்துபோன என் மாமியாரே வாங்கிவரச் சொல்லி ஊற்றிக் கொடுத்தார்கள்; அடங்கிவிட்டது. முன்பு இரண்டு முறை சத்தியத்தை மீறியதற்குச் சாமி கொடுத்த தண்டனை என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். இவர் இனி நிறுத்தவே முடியாதா?

பதில்: உங்கள் வீட்டில் நடந்ததற்கும் சாமிக்கும் சம்பந்தமில்லை அம்மா. குடி திடீரென்று நின்றதில் மூளை பட்ட பாடு அது. மது, மூளையின் வேகத்தை அடக்கும் பொருள். ஆண்டுக்கணக்கில் அது தினமும் உள்ளே வரும்போது, அந்த அடக்குமுறையையும் மீறித் தன் வேலையை நடத்துவதற்காக மூளை தன்னைத் தானே முடுக்கிக்கொள்கிறது. அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலை மந்தமாகி, கிளர்ச்சியூட்டும் குளூட்டமேட்டின் வேலை கூடிவிடுகிறது. மேட்டில் பாரவண்டியை முக்கி இழுத்துக்கொண்டிருக்கும் காளைக்குப் பூட்டாங்கயிறு அறுந்தால் என்ன ஆகும்? இழுத்த விசையிலேயே முன்னால் போய் விழும். குடியை ஒரே நாளில் நிறுத்தும்போது நடப்பதும் அதுதான்.

கடைசியாகக் குடித்த ஆறாவது மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் நடுக்கமும் வியர்வையும் குமட்டலும் தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களுக்குள் வந்துவிடும். அதன் பிறகு நான்காம் நாள் வரைக்குள், சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத பூச்சிகளும் பாம்புகளும் ஆட்களும் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். டெலிரியம் ட்ரெமென்ஸ் என்று நாங்கள் சொல்லும் இந்தச் சன்னி, சிகிச்சை இல்லாமல் விட்டால் உயிரைப் பறிக்கக்கூடியது. பயிற்சிக் காலத்தில் நான் பார்த்த ஒரு தறிக்காரர், மருத்துவமனைக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, இல்லாத இழையை இரண்டு விரல்களால் பிடித்து, முறுக்கி, முடிச்சிட்டு, மிச்ச நுனியைப் பல்லால் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தார். இரவு முழுவதும் அதே வேலை. பேய் பிடித்துவிட்டது என்று அவர் மனைவி நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தார். பழகிய தொழிலை வெறுங்காற்றில் கைகள் செய்துகொண்டிருப்பது இந்தச் சன்னியில் மருத்துவர்கள் நன்கறிந்த ஓர் அடையாளம். இரண்டு மூன்று நாட்களில் தெளிந்ததும் அவர் முதலில் கேட்டது, “இது எந்த ஊருங்க?” என்பதுதான்.

ஆகவே, நிறுத்த முடியும். ஆனால் வீட்டில் வைத்து நிறுத்தக் கூடாது. ஒரு முறை வலிப்பு வந்தவருக்கு அடுத்த முறை அது இன்னும் கடுமையாக வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், அவர் கட்டாயம் மருத்துவமனையில் சேர்ந்துதான் நிறுத்த வேண்டும். குளோர்டயசிபாக்சைடு, லோராசிபாம் போன்ற மருந்துகளைப் போதிய அளவில் தொடங்கி, ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவோம். உடன் தயமின் என்னும் பி1 வைட்டமினை ஊசியாகப் போடுவோம். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: நம் ஊர்களில் எந்தச் சோர்வுக்கும் ‘ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க’ என்று கேட்டுப் போட்டுக்கொள்ளும் வழக்கம் உண்டு. தயமின் குறைந்த உடலில், அதைக் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளைக்கு நிலையான பாதிப்பு நேரலாம். எந்த மருத்துவரிடம் போனாலும், வெட்கப்படாமல், தினமும் குடிப்பவர் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். கோவை, திருப்பூர், பெருந்துறை, சேலம், நாமக்கல், கரூர் ஆகிய ஊர்களில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இந்தச் சிகிச்சையைக் கேட்கலாம்.

மாமியாரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த நடுராத்திரியில் மகன் உயிர் தங்க வேண்டும் என்று கையில் கிடைத்ததைக் கொடுத்தார்கள். ஆனால் அன்றைக்கு ஆம்புலன்ஸை அழைத்திருக்க வேண்டும்.

பத்து நாளில் நடுக்கம் தெளிந்து வீடு திரும்பும்போது, ‘குணமாகிவிட்டது’ என்று நினைத்துவிடாதீர்கள். அது விஷத்தை இறக்கியது மட்டும்தான். தூக்கம் சரியாக மாதங்கள் ஆகலாம், சிடுசிடுப்பு இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, சனிக்கிழமை ஆறு மணிக்குச் சம்பளக் கவர் கைக்கு வந்ததும், அந்தக் கவரின் தொடுவுணர்ச்சியே மூளையைக் கடைப்பக்கம் திருப்பும். பதினைந்து ஆண்டுகளாக அந்த நேரத்தையும் அந்தப் பணத்தையும் அந்த ருசியையும் சேர்த்துக் கட்டிவைத்த முடிச்சு அது. அந்த வேட்கை பொதுவாக அரை மணி நேரத்திற்குள் உச்சிக்குப் போய் இறங்கிவிடும். அந்த அரை மணிக்கு அவர் எங்கே, யாருடன் இருக்கப்போகிறார் என்பதை வெள்ளிக்கிழமையே பேசி முடிவு செய்யுங்கள். அவர் சம்மதித்தால், முதல் ஆறு மாதங்களுக்குச் சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடும்படி முதலாளியிடம் கேட்கலாம். அவர் சம்மதிக்காமல் பின்வாசல் வழியாகச் செய்தால் வீட்டில் புதுச் சண்டைக்குத்தான் அது வழி.

கேள்வி: கோபி பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ‘குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்’ என்று சுவரில் விளம்பரம் பார்த்து, ஒரு பொடியை வாங்கி என் மகனின் ரசத்தில் கலந்தேன். இரண்டு நாள் கழித்துக் குடித்துவிட்டு வந்தவன் முகமெல்லாம் சிவந்து, நெஞ்சு அடைக்கிறது என்று விழுந்தான். பிழைத்துக்கொண்டான். இப்போது நான் கொடுத்த எதையும் அவன் சாப்பிடுவதில்லை.

பதில்: அந்தப் பொடியில் என்ன இருந்தது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதிய அறிகுறிகள் டைசல்ஃபிராம் என்ற மருந்து உடலில் இருக்கும்போது குடித்தால் வருபவை. டென்மார்க்கில் 1948ஆம் ஆண்டிலிருந்து குடிநோய்க்குப் பயன்பட்டுவரும் பழைய மருந்து அது. மது உடலுக்குள் அசிடால்டிஹைடு என்ற நச்சாக மாறி, பிறகு அதுவும் உடைந்து வெளியேற வேண்டும். அந்த இரண்டாவது வேலையைச் செய்யும் நொதியை இம்மருந்து தடுத்துவிடுவதால் நச்சு தேங்கி, முகச் சிவப்பும் வாந்தியும் படபடப்பும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் உண்டாகின்றன. இதய நோயோ ஈரல் பாதிப்போ உள்ளவருக்கு இது மரணத்திலும் முடியலாம். ‘குடித்தால் இப்படி ஆகும்’ என்பதை முன்கூட்டியே அறிந்து, சம்மதித்து விழுங்குபவருக்கு அந்த அறிவே காவல். அறியாதவருக்கு அது வெறும் விஷம். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை உடலில் இருக்கும். அந்தக் காலத்தில் சில இருமல் டானிக்குகளும், ஏன், நாட்டு மருந்துக் கடை அரிஷ்டங்களும்கூட ஆகாது. அரிஷ்டத்தில் இயல்பாகவே சாராயச் சத்து ஊறியிருக்கும்.

குடியின் மீதான வேட்கையைக் குறைக்கும் மருந்துகளும் உண்டு. நால்ட்ரெக்ஸோன் குடியில் கிடைக்கும் இன்பத்தை மழுங்கச் செய்கிறது. அகாம்ப்ரோசேட் நிறுத்திய பின் வரும் நிலைகொள்ளாமையைத் தணிக்கிறது. முன்னதற்கு ஈரலையும் பின்னதற்குச் சிறுநீரகத்தையும் சோதித்த பிறகே தருவோம்.

மகனிடம், “நான்தான் கலந்தேன், பயத்தில் செய்துவிட்டேன்” என்று ஒரு முறை நேரடியாகச் சொல்லிவிடுங்கள். கோபிப்பான். ஆனாலும் எந்தச் சிகிச்சைக்கும் முதலில் அவன் உங்கள் கையால் ஒரு வாய்ச் சோறு சந்தேகமில்லாமல் உண்ண வேண்டும்.

கேள்வி: பொள்ளாச்சி அருகே தோட்டம் வைத்திருக்கிறோம். என் அண்ணன் ஆண்டு முழுவதும் குடிப்பார். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டால், கழற்றும் வரை ஒரு சொட்டுத் தொட மாட்டார். மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றிய அன்று மாலையே ஆரம்பித்துவிடுவார். ஆறு வாரம் கட்டுப்பாட்டோடு இருக்க முடிந்தவருக்கு ‘நோய்’ என்று எப்படிச் சொல்கிறீர்கள்? கொழுப்பு என்றுதானே சொல்ல வேண்டும்?

பதில்: உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது என்பதால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மாலை போட்ட அண்ணனின் ஒரு நாளை எண்ணிப்பாருங்கள். விடியும் முன் குளியல். உடை வேறு, உணவு வேறு, படுக்கை வேறு. நேற்று வரை பெயர் சொல்லி அழைத்தவர்கள் ‘சாமி’ என்கிறார்கள். அவரும் அவர்களைச் ‘சாமி’ என்றே அழைக்கிறார். வழக்கமாகக் கடைக்குப் போகும் அதே ஏழு மணிக்குப் பஜனை. கூட்டாளிகளில் ஒருவர்கூட அந்தச் சமயத்தில் ‘ஒரு ரவுண்டு வா’ என்று கூப்பிடத் துணிய மாட்டார்கள். சுற்றியிருப்பவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து அவரைத் தாங்குகிறார்கள். அவருடைய மன உறுதிக்கு நாம் கொடுக்கும் பெருமையில் பாதி, அந்த ஏற்பாட்டுக்குச் சேர வேண்டியது.

வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கப் படைவீரர்களை, அவர்கள் 1971இல் நாடு திரும்பியதிலிருந்து லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தொடர்ந்து கவனித்தார். அங்கே சிப்பாய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அடிமையாகியிருந்தனர். ஊர் திரும்பிய முதல் ஆண்டில், அவர்களில் மீண்டும் அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் இருந்தார்கள். பொருள் மாறவில்லை, ஆட்களும் மாறவில்லை, இடமும் சுற்றமும் பொழுதும் மாறின. நம் விரதத்தில் நடப்பது இதன் மறுபக்கம். ஆறு வாரத்திற்கு இடம் மாறுகிறது. ஏழாவது வாரம் பழைய இடத்திற்கே ஆளைத் திருப்பி அனுப்பிவிடுகிறோம்.

இன்னொன்றும் உண்டு. விரதத்திற்கு முடிவு நாள் இருக்கிறது. ‘இன்னும் இருபது நாள், இன்னும் பத்து நாள்’ என்று நாளை எண்ணிக்கொண்டிருக்கும் மனம், குடியை விட்டுவிடவில்லை, ஒத்திவைத்திருக்கிறது. நோய் என்று நாங்கள் சொல்வது, குடிக்காமல் இருக்க முடியாத நிலையை மட்டும் அன்று. தொடங்கினால் அளவு கைமீறிப்போவது, கெடுதல் கண்கூடாகத் தெரிந்த பிறகும் தொடர்வது, நிறுத்திய பின் மீண்டும் மீண்டும் அதே குழியில் விழுவது ஆகியவையும் அதன் இலக்கணத்தில் அடங்கும். இதில் பரம்பரைக்கு ஏறக்குறையப் பாதிப் பங்கு இருப்பதாக இரட்டையர்களைக் கொண்டு நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. அப்படியென்றால் அவருக்குப் பொறுப்பே இல்லையா என்று கேட்பீர்கள். சர்க்கரை நோய் வந்ததற்கு ஒருவர் முழுப் பொறுப்பல்ல. மாத்திரை விழுங்குவதும் நடப்பதும் அவர் பொறுப்புத்தானே.

செய்ய வேண்டியது என்னவென்றால், அடுத்த கார்த்திகையில் மாலை போடும்போதே, கழற்றும் நாளுக்கு மறுநாள் மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கிவிடுங்கள். விரதக் காலத்தில் தெளிந்திருக்கும் மனிதரிடம் பேசுவது எளிது. குருசாமி சொன்னால் கேட்பார் என்றால் அவரையும் அந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். பஜனை நேரம் தை மாதத்திலும் ஏதோ ஒரு வேலையாகத் தொடரட்டும். ஓர் எச்சரிக்கை: காலையிலேயே குடிக்கும் அளவுக்கு முற்றியவர்கள் மாலை போட்ட அன்று திடீரென்று நிறுத்தினால், முதல் கடிதத்தில் சொன்ன வலிப்பும் சன்னியும் அவர்களுக்கும் வரும். கார்த்திகை முதல் வாரத்தில் அப்படிப்பட்ட சாமிகளைக் கறுப்பு வேட்டியோடு நான் படுக்கையில் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கடைகளை எல்லாம் மூடிவிட்டால் உங்களுக்கு வேலையே இருக்காதே?

பதில்: சேலத்து வாசகர் கேட்பதால் சுவை கூடுகிறது. 1937 அக்டோபர் 1ஆம் தேதி, ராஜாஜி அமைச்சரவை மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது உங்கள் மாவட்டத்தில்தான். அது 1971இல் தளர்ந்து, 1974இல் மீண்டும் வந்து, பிறகு போய், 2003 இறுதியில் சில்லறை விற்பனையே அரசின் கைக்கு வந்த கதை எல்லோரும் அறிந்தது. கடையின் எண்ணிக்கை, விலை, திறந்திருக்கும் நேரம் மூன்றும் ஊரின் மொத்தக் குடியை நிச்சயமாகப் பாதிக்கும். குறைப்பதை நான் வரவேற்பேன். ஆனால் 2020 மார்ச் ஊரடங்கில் கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டபோது, நடுக்கத்தோடும் வலிப்போடும் வந்தவர்களை நாங்கள் பார்த்தோம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றதையும் மறக்க முடியாது. கடையை மூடுகிறவர்கள், அதற்கு முன் மருத்துவமனைக் கட்டில்களைத் திறக்க வேண்டும். 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, குடிநோய் முற்றியவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஓர் உதவி பெற்றிருக்கிறார்.

கேள்வி: கரூரிலிருந்து எழுதுகிறேன். என் தம்பியை ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தினர் இரவில் வேனில் வந்து, கை கால்களைப் பிடித்துத் தூக்கிச் சென்றார்கள். மூன்று மாதத்திற்குப் பணம் கட்டியிருக்கிறோம். போனில்கூடப் பேச விடுவதில்லை. இது முறையா?

பதில்: முறையல்ல. மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைப் பாதிப்புகள், 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வருகின்றன. சம்மதமில்லாத ஒருவரைச் சேர்ப்பதற்கு, மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதித்து எழுத வேண்டும். அப்படியும் முதல் கட்டத்தில் 30 நாட்கள்தான் வைத்திருக்கலாம். மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். சங்கிலியால் கட்டுவது எந்த விதத்திலும் கூடாது. பார்வையாளர்களைச் சந்திக்கவும் தொலைபேசியில் பேசவும் உள்ளிருப்பவருக்கு உரிமை உண்டு. நாளைக்கே நேரில் போய்த் தம்பியைப் பாருங்கள். பதிவுச் சான்றிதழையும், மருத்துவர் எழுதிய சிகிச்சைக் குறிப்பையும், இரவில் வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்கள் என்பதையும் கேளுங்கள். பதில் வராத இடத்தில் ஓர் இரவுகூட அவரை விட்டுவைக்க வேண்டாம். மறுத்தால் மாவட்ட மனநலத் திட்ட அலுவலரிடமும் காவல்துறையிடமும் எழுத்தில் புகார் கொடுங்கள். மருத்துவக் காப்பீட்டில் உடல் நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் இடம் தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்வதால், உங்கள் பாலிசியையும் ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.

நல்ல முறையில் நடக்கும் மையங்களும் இருக்கின்றன. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளை, நோயாளியோடு குடும்பத்தையும் சேர்த்துப் பயிற்றுவிக்கும் முறையை நம் மாநிலத்தில் வேரூன்றச் செய்தது. குடும்பத்தை வெளியே நிறுத்திவிட்டுக் கதவைப் பூட்டுகிற இடம் எதுவானாலும் எனக்குச் சந்தேகம்தான்.

கேள்வி: திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியில் வேலை. சிகிச்சை எடுத்து 14 மாதம் தொடாமல் இருந்தேன். வடக்கே நான்கு மாதம் ஓடிவிட்டு ஊருக்கு வந்தேன். மாமன் வீட்டுக் கிடா விருந்தில், “ஒரு பீர்ல என்னடா ஆகிடப் போகுது மாப்ள” என்று கையில் கொடுத்தார்கள். குடித்தேன். ‘எல்லாம் போயிற்று, இனி என்ன’ என்று அடுத்த மூன்று நாளும் குடித்தேன். இன்றைக்கு நிறுத்தியிருக்கிறேன். மனைவிக்குத் தெரியாது. 14 மாதமும் வீணா?

பதில்: வீணில்லை. 14 மாதத்தில் உங்கள் ஈரல் தேறியதும், கடன் அடைந்ததும், பிள்ளை உங்கள் மடியில் உட்காரப் பழகியதும் நான்கு நாளில் அழிந்துவிடாது. சிகிச்சைக்குப் பின் முதல் ஓராண்டில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஒரு முறையாவது மீண்டும் குடித்துவிடுகிறார்கள். இரத்த அழுத்தத்துக்கும் ஆஸ்துமாவுக்கும் மருந்து எடுப்பவர்கள் சிகிச்சையைக் கைவிட்டு மீண்டும் நோயில் விழும் கணக்கும் இதற்குக் குறைவில்லை.

உங்கள் கடிதத்தில் என் கவனத்தை இழுத்தது அந்த முதல் பீர் அன்று. ‘எல்லாம் போயிற்று’ என்று நீங்கள் சொல்லிக்கொண்ட அந்த நொடி. முதல் கிளாஸ் ஒரு சறுக்கல். அடுத்த மூன்று நாளை உண்டாக்கியது குற்றவுணர்ச்சி. இதைத் தனியே ஆராய்ந்த ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர், சறுக்கலைத் தன் குணக்கேடாக எடுத்துக்கொள்பவர்களே முழு வீழ்ச்சிக்குப் போகிறார்கள் என்று கண்டார். தடுக்கி விழுந்தவர், விழுந்தது விழுந்தாயிற்று என்று அங்கேயே பாய் விரிப்பதில்லை.

இப்போது செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். இன்று இரவே மனைவியிடம் சொல்லுங்கள். மறைத்துவைத்த ஒரு குடி, அடுத்த குடிக்கு இடம் பிடித்து வைத்துவிடும். நான்கு நாள் குடித்திருப்பதால் நடுக்கம் இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டிக்கொள்ளுங்கள். அதுவரை வண்டி ஓட்ட வேண்டாம். பிறகு ஒரு தாளை எடுத்து, அந்த விருந்துக்கு முந்தைய இரண்டு வாரத்தை எழுதுங்கள். நான்கு மாதச் சம்பளம் மொத்தமாகக் கையில் இருந்திருக்கும். பயண அசதி இருந்திருக்கும். மாத்திரை வடக்கே தீர்ந்துபோயிருக்கும் என்றும் நினைக்கிறேன். பசி, கோபம், தனிமை, அசதி என்ற நான்கில் எது இருந்தாலும் அன்றைக்கு விருந்து வீட்டுக்குப் போகாமலிருப்பது நல்லது. போய்த்தான் ஆக வேண்டும் என்றால், இலை போட்டதும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுங்கள். பந்திக்குப் பின்னால் தோப்புப் பக்கம் நடக்கும் கச்சேரிக்கு நிற்க வேண்டாம். மாமனிடம் காரணம் விளக்கத் தேவையில்லை. “மாத்திரை சாப்பிடறேனுங்க மாமா, ஆகாது” என்றால் போதும்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழிலும் நடக்கின்றன. 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில், குடியால் சீரழிந்த ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் ஒருவருக்கொருவர் துணையாக நின்று தொடங்கிய இயக்கம் அது. கட்டணம் இல்லை, குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. எல்லோருக்கும் அது பொருந்திவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். உங்களைப் போல ஊர் ஊராகச் சுற்றுபவருக்கு, எந்த ஊரிலும் போய் உட்கார ஒரு நாற்காலி இருப்பது பெரிய வசதி.

கேள்வி: கோவையில் கல்லூரியில் படிக்கும் என் மகன் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்கிறான் என்று தெரிந்துவிட்டது. வெளியே சொன்னால் போலீஸ் வழக்கு ஆகிவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

பதில்: நாளைக்கே மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். தானாக முன்வந்து சிகிச்சைக்கு வருபவரைக் காட்டிக்கொடுப்பது மருத்துவரின் வேலை அன்று. சிறிய அளவு போதைப்பொருள் தொடர்பான வழக்கிலும்கூட, அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சை பெறுபவருக்கு 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அப்பாதுகாப்பு போய்விடலாம். ஊசி வழியே பரவும் எச்.ஐ.வி., ஹெப்படைடிஸ் பி, சி மூன்றுக்கும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். மிக முக்கியமான செய்தி இது: சில வாரம் நிறுத்திய பின் உடலின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். அப்போது பழைய அளவையே மீண்டும் போட்டால் மூச்சு நின்று உயிர் போகலாம். பூட்டிய அறையில் வைத்து நிறுத்த முயல்வதைவிட, புப்ரெனார்ஃபின் போன்ற மருந்தின் துணையோடு மருத்துவர் நிறுத்துவது பாதுகாப்பானது.

கேள்வி: எனக்கு 19 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அப்பா குடியை விட்டு ஏழு மாதம் ஆகிறது. உண்மையாகவே விட்டுவிட்டார். ஆனாலும் ராத்திரி அவர் வண்டிச் சத்தம் சந்துக்குள் திரும்பும் வரை எனக்குத் தூக்கம் வருவதில்லை. சத்தம் கேட்டதும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. “அதையெல்லாம் மறந்துடு கண்ணு” என்கிறார் அம்மா. அப்பா இப்போது, முன்பு போல என் சம்பளத்தைத் தன் கையில் கொடுக்கச் சொல்கிறார். கொடுக்காவிட்டால் நம்பவில்லை என்று ஆகிவிடுமா?

பதில்: வண்டி சந்தில் திரும்பும் வேகத்தை வைத்தே அன்றைய இரவு எப்படிப் போகும் என்று கணித்து, தம்பி தங்கைகளைத் தூங்குவது போலப் படுக்க வைத்த பிள்ளைகள் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும் அம்மணி. உங்கள் காது அந்தப் பாடத்தை ஆண்டுக்கணக்கில் படித்திருக்கிறது. அப்பாவின் மூளைக்குச் சனிக்கிழமை எப்படியோ, உங்கள் உடம்புக்கு அந்தச் சத்தம் அப்படி. ஏழு மாதத்தில் அது அழியவில்லை என்றால் உங்களிடம் குறை ஒன்றும் இல்லை. மறக்க முயல வேண்டாம். சத்தத்திற்குப் பின் ஒன்றும் நடக்காத இரவுகள் ஒவ்வொன்றாகச் சேரச் சேர, அதுவாகவே தளரும். அதுவரை, வேலை முடிந்து கிளம்பும்போது ஒரு போன் போடும்படி அப்பாவைக் கேளுங்கள். ‘சோதனை செய்வதற்காக இல்லை, எனக்குத் தூக்கம் வருவதற்காக’ என்று அவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்கென்றே அல்-அனான் என்ற தனிக் கூட்டம் உண்டு. அப்பா குடியை விட்ட பிறகும் நீங்கள் அங்கே போகலாம். நெஞ்சுப் படபடப்பு நீடித்தால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

சம்பளத்தைப் பற்றிக் கேட்டீர்கள். இப்போதைக்கு அவர் கையில் கொடுக்க வேண்டாம். “உங்களை நம்பாமல் இல்லைங்க அப்பா. சனிக்கிழமை அன்றைக்குக் கையில் மொத்தமாகப் பணம் இருப்பது உங்களுக்கு இன்னும் கஷ்டம் என்று டாக்டர் சொல்கிறார்” என்று சொல்லுங்கள், பழியை நான் ஏற்றுக்கொள்கிறேன். உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு தொடங்கி அதில் போடுங்கள். வீட்டுச் செலவுக்கு ஒரு தொகையை அம்மாவிடம் கொடுங்கள். ஓராண்டு முடிந்ததும் மூவரும் உட்கார்ந்து மறுபடி பேசிக்கொள்ளலாம் என்று ஒரு தேதியையும் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.